திட்டுவதற்கு ஓர் ஆள்

கோபம் வந்தால் அதைக் கொட்ட ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத கோபம் போக்கிடம் தெரியாமல் சுற்றிவிட்டு, கடைசியில் கோபப்பட்டவர் தலையிலேயே வந்து விழும். கம்ப்யூட்டரும் செல்போனும் நம் வீடுகளுக்குள் வந்து இத்தனை காலமாகியும் அவற்றோடு நமக்குள்ள மனத்தாங்கல் ஏன் தீரவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் வருகிறது.

கோயம்புத்தூரில் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி 20. ராம்நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நாலு பேர் ஜிஎஸ்டி பக்கம் திறப்பதற்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று தாண்டினால் அபராதம். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒப்பணக்கார வீதி ஜவுளிக் கடையில் ஓர் அம்மா பணம் அனுப்பிவிட்டார். கணக்கில் பணம் கழிந்த மெசேஜும் வந்துவிட்டது. கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் மட்டும் வாய் திறக்கவில்லை. விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் சந்தேகப்படாதவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அன்னூர்ப் பக்கம் ஓர் இ-சேவை மையத்தில், வாரிசுச் சான்றிதழுக்கு வந்த பெரியவரிடம் உள்ளே இருக்கிற பெண் சொல்கிறார்: "சர்வர் கெடைக்கலீங்க. பொழுதோட ஒருக்கா வந்து பாருங்க."

இதில் எதுவும் பெரிய கஷ்டமில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கம் திறக்கும், ஸ்பீக்கர் பேசும், சர்வர் வரும். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மனிதர்களுக்கு வரும் எரிச்சல் நஷ்டத்தின் அளவைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கிறது. பஸ் பழுதாகி வழியில் நின்றால் இதைவிட அதிக நேரம் போகும். அப்போதும் எரிச்சல் வரும். டிரைவரிடம் நாலு வார்த்தை கேட்டு, கண்டக்டரிடம் மீதிப் பணத்துக்கு மல்லுக்கட்டி, பக்கத்து சீட்டுக்காரரோடு அரசாங்கத்தையும் சேர்த்துத் திட்டி முடிப்பதற்குள் அது ஆறிவிடும். சுற்றும் வட்டத்திடம் என்ன கேட்பது?

இயந்திரம் பழுதாவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதால்தான் இதைக் கொங்கு நாட்டில் வைத்து யோசிக்கத் தோன்றுகிறது. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே நூற்பாலை வைத்தார். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. அதன்பின் ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரை இங்கேதான் உருவாக்கினார்கள். இன்று வார்ப்படம், பம்ப்செட், கிரைண்டர், விசைத்தறி என்று ஏதாவது ஓர் இயந்திரத்தோடு மல்லுக்கட்டாத குடும்பத்தை இந்தப் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். இயந்திரத்தின் அடாவடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்துப் பழகியவர்கள் நாம். ஒரு செல்போன் ஹேங் ஆவதற்கு நாம் இவ்வளவு நொந்துபோகக் கூடாது.

நொந்துபோகிறோம் என்றால், மோட்டார் பழுதாவதற்கும் போன் பழுதாவதற்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

வைண்டிங் கடையில் போய் நின்றால் அது என்னவென்று தெரியும். கணபதியிலோ பல்லடத்திலோ கோபியிலோ எந்தக் கடையாக இருந்தாலும் சரி. கிணற்று மேட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த மோட்டாரைப் பிரித்துப் போட்டதும் கடைக்காரர் முதலில் முகர்ந்து பார்ப்பார். வார்னிஷ் கருகிய வாடை அடித்தால் பாதிச் சேதி தெரிந்துவிடும். பிறகு காயில்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எல்லாக் காயில்களும் ஒரே மாதிரி கறுத்துப் போயிருந்தால், தாங்க முடியாத லோடு இழுத்திருக்கிறது, இல்லையென்றால் வோல்டேஜ் குறைந்து மோட்டார் முழுக்கச் சூடேறியிருக்கிறது. ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் இரண்டு பேஸ் காயில்கள் கருகி, மூன்றாவது மட்டும் புதுக் கருக்கு மாறாமல் பளபளவென்று இருந்தால், ஒரு பேஸ் கரண்டு நின்றுபோன சமயத்தில் மோட்டார் ஓடியிருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் கம்பி உருகியிருந்தால் அங்கே இன்சுலேஷன் விட்டிருக்கிறது. எரிந்த கம்பி வாக்குமூலம் கொடுக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் எதிரில் நிற்கிறார்.

"ஒரு பேஸ் போயிருக்குதுங்க. ப்ரிவென்டர் போட்டிருக்கீங்கல்ல?"

"அது அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு பைபாஸ் பண்ணி உட்டுட்டனுங்க."

"அப்பறம் எரியாம என்னுங்க பண்ணும்?"

"போனவாட்டி நீங்க கட்டுன காயிலு ஆறு மாசங்கூட நிக்கலீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பது முக்கியமில்லை. கடைக்காரர் கூலியில் கொஞ்சம் குறைக்கலாம். தோட்டக்காரர் முணுமுணுத்துக்கொண்டே, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் அந்த ப்ரிவென்டரைத் திரும்ப மாட்டலாம். பழுதுக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிந்தது, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நின்று வாதாட முடிந்தது. தப்பு தோட்டக்காரர் மேல் என்று முடிவானாலும் அவருக்கு அதில் அவமானம் இல்லை. என்ன தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை அவர் இன்னும் கெட்டிக்காரர்.

இதை ஒரு பொற்காலமாகக் காட்ட நான் வரவில்லை. கம்பியில் எடை குறைத்தவர்கள் உண்டு. பழைய பேரிங்கைத் துடைத்து மாட்டிவிட்டுப் புதிதுக்குக் காசு வாங்கியவர்கள் உண்டு. நாளைக்கு வாங்க, நாளானிக்கு வாங்க என்று பயிர் வாடும்வரை இழுத்தடித்தவர்களும் உண்டு. ஆனால் ஏமாற்றியவர் எந்த வீதியில் குடியிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் சந்தைக்கு வருவார், மாரியம்மன் நோன்பிக்கு வருவார், கல்யாணத்தில் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். மோட்டாரின் உடம்பில் ஒரு தகடு இருக்கும். செய்த கம்பெனியின் பெயர், ஊர், ஹெச்பி, சுற்று வேகம் எல்லாம் அதில் பொறித்திருக்கும். இதற்கு நான் பொறுப்பு என்று ஒருவர் இரும்பில் அடித்துக் கொடுத்த கையெழுத்து அது.

மோட்டாரும் செல்போனும் ஓரிடத்தில் சந்தித்திருக்கின்றன. தோட்டத்துக்கான த்ரீ பேஸ் கரண்டு நடுராத்திரியில் வந்தால் அந்த நேரத்துக்கு டார்ச் லைட்டோடு பாம்பும் பள்ளமும் பார்த்து மோட்டார் ரூமுக்கு நடந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இப்போது ஸ்டார்ட்டரோடு ஒரு சின்னப் பெட்டியை மாட்டுகிறார்கள். உள்ளே ஒரு சிம் கார்டு. வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே அந்த நம்பருக்கு ஒரு போன் அடித்தால் மோட்டார் ஓடும். இன்னொரு தடவை அடித்தால் நிற்கும். கோவையைச் சுற்றியுள்ள சிறிய கம்பெனிகள் பல இந்தப் பெட்டியைச் செய்கின்றன. செல்போன் விவசாயிக்குச் செய்த உருப்படியான உபகாரம் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பெட்டி மக்கர் செய்யும்போது பாருங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் நம்பரில் கூப்பிடலாம். செய்தவரோ அவர் வீட்டுப் பையனோ எடுப்பார்கள், திட்டு வாங்குவார்கள், மறுநாள் ஆள் அனுப்புவார்கள். சிம் கார்டின் வேலிடிட்டி முடிந்து மோட்டார் நின்றுபோனால் கதையே வேறு. கரண்டு இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. எங்கோ ஒரு பட்டியலில் ஒரு தேதி தாண்டிவிட்டது, வாழைக்குத் தண்ணீர் பாயவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு உலகம் இருக்கிறது. ஒன்றில் ஆள் இருக்கிறார். மற்றதில் ஒன்றை அமுக்கவும், இரண்டை அமுக்கவும், மீண்டும் கேட்க ஒன்பதை அமுக்கவும்.

நம் கையில் இருக்கிற போனும் மேஜை மேல் இருக்கிற சிஸ்டமும் முழுக்க முழுக்க இரண்டாவது உலகத்தைச் சேர்ந்தவை. 'ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது, சிறிது நேரம் கழித்து முயலவும்' என்கிறது திரை. யார் செய்த தவறு, எங்கே, எவ்வளவு நேரம், எதுவும் இல்லை. ராத்திரி படுக்கும்போது ஒரு மாதிரி இருந்த போன், அப்டேட் ஆகி, விடிந்ததும் இன்னொரு மாதிரி இருக்கிறது. பழகிய பட்டனைக் காணவில்லை. நம் வீட்டுக்குள் யாரோ வந்து அடுப்படிச் சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன கதைதான். வந்தவர் யார், ஏன் மாற்றினார் என்று கேட்க வழியில்லை.

எல்லாம் அமெரிக்காக்காரன் வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த வரியை எழுதியவர், அந்த பட்டனை நகர்த்தியவர், சரவணம்பட்டியிலோ கீரணத்தத்திலோ ஐடி கம்பெனிக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். அவிநாசிப் பக்கத்துத் தறிக்காரர் மகள், ஈரோட்டு மஞ்சள் மண்டிக் கணக்குப்பிள்ளையின் மகன். அந்தப் பிள்ளைக்கும் வந்தது டிக்கெட் என்று ஒரு வேலைக் குறிப்பு, மாற்றச் சொன்னார்கள், மாற்றியது, அடுத்த டிக்கெட். யாருக்காக மாற்றினோம், அவர்களுக்கு அது சௌகரியமா என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. தறிக்காரர் ராத்திரி போனை வைத்துக்கொண்டு திண்டாடுவது மகள் செய்த மாற்றத்தால்தான் என்பது இருவருக்குமே தெரியாமல் போகலாம். எட்டாத தூரம் என்பது கடல் கடந்துதான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரே சாப்பாட்டு மேஜையிலும் இருக்கலாம்.

அந்தப் பக்கத்திலிருந்து நம்மைப் பார்க்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை. இந்தியர்களின் போன்களில் இடம் போதாமல் போவது ஏன் என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். பூவும் சூரியனும் சாமி படமுமாக விடிந்ததும் நாம் ஒருவருக்கொருவர் அனுப்பும் குட் மார்னிங் படங்கள் பெரிய காரணம் என்று கண்டுபிடித்ததாக 2018 தொடக்கத்தில் செய்தி வந்தது. அவற்றைக் கழித்துக்கட்ட ஒரு செயலியிலும் வசதி செய்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கவனியுங்கள்: சிங்காநல்லூரில் ஒரு பாட்டியின் போன் நிறைந்து வழிவது கலிஃபோர்னியாவுக்குத் தெரிகிறது. பாட்டி கேட்பதுதான் அங்கே கேட்பதில்லை. பார்வை ஒரு பக்கமாகவே போகிறது.

ஆப்பிள் நிறுவனத்தின் கதை இதைவிடத் தெளிவானது. 2017 டிசம்பரில் அந்த நிறுவனம் ஒன்றை ஒப்புக்கொண்டது: பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை ஒரு அப்டேட் மூலம் குறைத்திருந்தார்கள். ஏன் என்பதற்குக் காரணமும் சொன்னார்கள். தேய்ந்த லித்தியம் பேட்டரியால் திடீரென்று கூடும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாது. போன் பட்டென்று அணைந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் வேகத்தைக் குறைத்தோம். பொறியியல் கணக்கில் இது நியாயமான காரணம். வோல்டேஜ் இறங்கினால் மோட்டாருக்கு என்ன ஆகும் என்று தெரிந்த கொங்கு விவசாயிக்கு இதை ஒரே நிமிஷத்தில் புரியவைத்துவிடலாம். பிறகு ஏன் உலகமே கொதித்தது? சொல்லாமல் செய்ததால். பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனையோ பேர் போனையே மாற்றினார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. 2020-ல் அமெரிக்க வழக்கொன்றை முடிக்க 50 கோடி டாலர் வரை தரச் சம்மதித்தது. பழுதுக்காகக் கொடுத்த விலை என்று இதை நான் நினைக்கவில்லை. மௌனத்துக்காகக் கொடுத்த விலை.

இன்னொரு தேதியும் நினைவில் நிற்கிறது. ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார் என்றும், வாங்கியதும் செய்த முதல் வேலை அதை அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்ததுதான் என்றும் இந்த ஊரில் சொல்வார்கள். அவர் பெயரைத் தாங்கிய அவிநாசி சாலை மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. மேம்பாலத்துக்குக் கீழே எத்தனையோ ஜெராக்ஸ் கடைகளிலும் டிடிபி சென்டர்களிலும் நேற்றுவரை நன்றாக ஓடிய, இன்றும் நன்றாக ஓடும் சிஸ்டங்கள், காலாவதி என்று பெயர் வாங்கின. விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். பாதுகாப்பு என்ற காரணம் பொய்யில்லை. ஆனால் பிரித்துப் பார்த்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, ஓட வைத்துக்காட்டும் வித்தைக்கு அதில் இடமில்லை. தேய்ந்து போனது எதுவும் இல்லையே.

ஆள் கிடைக்காத கோபம் சொந்தத் தலையில் விழும் என்றேன். அதை நேரில் பார்க்க வேண்டுமானால் லேத் பட்டறை மேஸ்திரி ஒருவரின் கையில் புது போனைக் கொடுத்துப் பாருங்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கையால் தடவிச் சொல்லக்கூடியவர். இரும்பு வெட்டும் சத்தம் மாறினால் டூல் மழுங்கியதை அறைக்கு வெளியே நின்று சொல்லிவிடுவார். அவர் போனை ஒரு தடவை தொட்டு, அது கேட்காததைச் செய்ததும், திருப்பி நீட்டிவிட்டுச் சொல்கிறார்: "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க." பேத்தி வயதுப் பெண் முன்னால் கூச்சத்தோடு சிரிக்கிறார். அவருக்குத் தெரியாதது என்ன? காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அவருடைய பிழைப்பு. காரணத்தை மறைத்து வைத்த ஒரு பொருள் அவரை முட்டாளாக்கிவிட்டது. அவரும் அதை நம்பிவிட்டார்.

ரேஷன் கடைக் கைரேகைக் கருவி இதையே இன்னும் கூர்மையாகச் செய்கிறது. வார்ப்படத்தில் மணல் அள்ளிய கை, தேங்காய் உரித்த கை, செங்கல் சுமந்த கை, ரேகை தேய்ந்திருக்கும். கருவியால் படிக்க முடியவில்லை. திரையில் வருவதோ, ரேகை பொருந்தவில்லை என்று. துடைத்துவிட்டு வைக்கச் சொல்கிறார்கள், வேறு விரல் வைக்கச் சொல்கிறார்கள். கருவிழியைப் பார்க்கும் ஏற்பாடும் பிறகு வந்தது. அரிசி எப்படியோ கிடைத்துவிடும். ஆனால் வரிசையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாரே, அங்கே ஒரு அநியாயம் நடக்கிறது. கருவியின் இயலாமை உழைத்த கையின் குற்றமாகிவிடுகிறது.

இது இப்படித்தான் இருந்தாக வேண்டும், எலெக்ட்ரானிக்ஸ் என்றாலே இப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை என்பதற்குத் தமிழர்கள் கையிலேயே சான்று இருக்கிறது. 1990-களில் டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கடையில் அடித்த தமிழ் இன்னொரு கடையில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு ஃபான்ட். ஆங்கில எழுத்துக்கான இடத்தில் அவரவர் விருப்பப்படி தமிழ் எழுத்தை உட்கார வைத்திருந்தார்கள். அந்தத் தலைவலிக்குப் பதில் சொல்ல எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் அவசரமில்லை. சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், அதிராம்பட்டினத்தில் உமர் தம்பி என்று ஊருக்கு ஒருவராகத் தமிழர்கள்தான் அதைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. எந்தக் குறியீட்டு முறை நல்லது என்று வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. 2010 ஜூனில் கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்த சமயத்தில், யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. இன்றைக்கு ஒரு பாட்டி தமிழில் அடிக்கும் வாழ்த்து டொரண்டோவில் இருக்கும் பேரனுக்கு எழுத்து உடையாமல் போய்ச் சேர்கிறது.

அந்தப் பிரச்சினை ஒரு மோட்டார் எரிவதைவிடப் பல மடங்கு சிக்கலானது. தீர்ந்ததற்குக் காரணம், இது என் பொறுப்பு என்று சொன்ன மனிதர்கள் இருந்தார்கள். அவர்களோடு வாதாட முடிந்தது. தப்பு என்றால் தப்பு என்று சொல்ல முடிந்தது. வைண்டிங் கடைப் பேச்சு கடல் கடந்து நடந்தது, அவ்வளவுதான்.

காந்திபுரத்தில் செல்போன் சர்வீஸ் கடைகளின் உள்பக்கம் எட்டிப் பார்த்தாலும் அந்தப் பேச்சு செத்துவிடவில்லை என்று தெரியும். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே போர்டை வைத்து, சூடான காற்றை ஊதி, எள்ளுக்கும் சிறிய பாகத்தைக் கிள்ளி எடுத்து மாற்றும் இளைஞர்கள் இருக்கிறார்கள். சார்ஜிங் ஐசி ஷார்ட் ஆகியிருக்கிறது என்று மீட்டரை வைத்துக் காட்டுகிறார்கள். அவர்கள் வைண்டிங் கடைக்காரர்களின் நேர் வாரிசுகள். ஆனால் சில மாடல்களில் அவர்கள் டிஸ்ப்ளேயை மாற்றினால், இது அசல் பாகமா என்று தெரியவில்லை என்று போனே கோள் சொல்கிறது. இந்திய அரசு 2022 டிசம்பர் 24-ல் பழுதுபார்ப்பு உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியபோது, விவசாயக் கருவிகளையும் செல்போன்களையும் ஒரே திட்டத்தில் சேர்த்தார்கள். மோட்டாரும் போனும் ஒரே வகை என்று டெல்லிக்கும் தெரிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து, கையில் தூக்கிப்போகும் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சட்டம். நல்லது. ஸ்க்ரூவைச் சட்டம் திறந்துவிடலாம். பதில் சொல்லும் மனசைச் சட்டம் கொண்டுவர முடியுமா?

அந்தக் கேள்வியோடு நம் வீட்டுக்குள் வந்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. அப்பாரு போனை நீட்டுகிறார். "கண்ணு, இது என்னமோ கேக்குது பாரு." பேரன் வாங்குகிறான். இரண்டு தட்டு, ஒரு தள்ளு. "ம், ஆச்சு." திருப்பிக் கொடுக்கிறான். என்ன கேட்டது, என்ன செய்தான், ஏன் செய்தான், ஒரு வார்த்தை இல்லை. மறுபடி கேட்டால், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க அப்பாரு." எந்த நிறுவனம் நம்மிடம் இப்படி நடந்துகொள்கிறது என்று நாம் கொதிக்கிறோமோ, அதே காரியத்தை அதே சிக்கனத்தோடு நாம் வீட்டில் செய்துகொண்டிருக்கிறோம். பெரியவருக்கு போன் ஒரு மூடிய பெட்டி. பேரனும் இன்னொரு மூடிய பெட்டி.

அதே பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க தொறந்த செயலி எதையும் மூடலீங்க அப்பாரு. எல்லாம் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்குது, லோடு தாங்கலை. அதான் ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா எல்லாம் நின்னு புதுசாக் கெளம்பும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். மோட்டாரோடு வாழ்ந்தவருக்கு லோடு என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. முழு உண்மை இன்னும் நுணுக்கமானது. சில செயலிகள் வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுப்பதில்லை, சில ஒன்றையொன்று தடுத்து நிற்கின்றன. அது அடுத்த நாள் பேச்சுக்கு ஆகும். முதல் நாளே அவர் முகத்தில் ஒரு நிமிர்வு வந்துவிடும். மந்திரம் மாதிரி இருந்தது காரியகாரணமாக மாறிவிட்டது. நாளைக்கு அவர் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

வயதானவர்களுக்குப் புரியாது, இளையவர்களுக்குப் பொறுமையில்லை, இயந்திரம் மனிதனை அடிமையாக்குகிறது என்று பெரிய பெரிய வார்த்தைகளில் நாம் இதைப் பேசுகிறோம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கருவி கெடத்தான் செய்யும். கம்பி எரியும், பேட்டரி தேயும், மெமரி நிறையும், ரேகை அழியும். பொருளுக்கு உள்ள இயல்பு அது, உடம்புக்கு உள்ள இயல்பும் அதுதான். மனிதர்கள் அதை எக்காலத்திலும் தாங்கியிருக்கிறார்கள். கேட்டதற்கு எதிர்ப்பக்கம் ஒருவரும் இல்லாமல் போவதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. கேள்வி கேட்டுப் பதில் வராதவர் இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு கேட்பதையே நிறுத்திவிடுகிறார். கேட்பதை நிறுத்தியவர் தனக்குக் கேட்கும் தகுதியே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். சுற்றும் வட்டத்துக்கு முன்னால் நாம் இழப்பது நேரம் என்று நினைத்தோம். காரணம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்ற நம்பிக்கையை அல்லவா இழந்துகொண்டிருக்கிறோம்?

அந்த நம்பிக்கையை எந்த அப்டேட்டும் கொண்டுவராது. மனிதர்தான் மனிதருக்குத் தர முடியும். சரவணம்பட்டியில் ஒரு பட்டனை நகர்த்தும் பெண், அதைத் தன் அப்பா கையில் கொடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு நகர்த்தலாம். இ-சேவை மையத்துப் பெண், சர்வர் இல்லை என்பதோடு நிறுத்தாமல், விண்ணப்பம் எந்த இடத்தில் நிற்கிறது என்று திரையைத் திருப்பிக் காட்டலாம். ரேஷன் கடைக்காரர், "உங்க கையில தப்பில்லீங்கம்மா, மெஷினுக்குத்தான் தெரியல" என்று வரிசைக்குக் கேட்கும்படி சொல்லலாம். பேரன் இரண்டு நிமிஷம் உட்காரலாம். இதில் எதுவும் கருவியைச் சரிசெய்யாது. கருவிக்கு இந்தப் பக்கம் இருப்பவரை நிமிர வைக்கும்.

ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளவும், திட்டு வாங்கிக்கொண்டு விளக்கம் சொல்லவும், சொன்னதைக் கேட்டுத் திருந்தவும் தெரிந்தவர்கள் சேர்ந்துதான் இந்த வட்டாரத்தின் தொழில்களை உருவாக்கினார்கள். பதில் சொல்ல ஒருவர் நிற்கிற இடத்தில் பழுது ஒரு பாடம். ஒருவரும் நிற்காத இடத்தில், பழுதே இல்லாமல் ஓடுகிற கருவியும் நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிய வைத்துக்கொண்டுதான் இருக்கும்.